மயக்கம் உண்டோ

காலை ஆறு நாற்பது. பன்னிரண்டு கட்டில், பதினோரு பொட்டலம். பொட்டலம் வைக்கப்படாத கட்டிலில் கிடந்தவர் பெயர் சீனி இபுராகிம். பங்களாதேஷ்காரத் துப்புரவுப் பணியாளர் தள்ளுவண்டியோடு வந்து ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை வைத்துக்கொண்டே போனார். உள்ளே ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராமுக்கான தைக்காத இரண்டு வெள்ளைத் துண்டு, ஒரு ரப்பர் செருப்பு, கழுத்தில் மாட்ட ஓர் அட்டை. பதினோராவது கட்டில் நைஜீரியாக்காரருக்கு வைத்தார். பன்னிரண்டாவதுக்கு வந்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், "ஹாஜி, ஹாஜி" என்று இரண்டு தடவை மரியாதையாகச் சொன்னார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வண்டியில் பொட்டலம் இன்னும் மிச்சம் இருந்தது. அதுதான் சீனி இபுராகிமுக்கு விளங்கவில்லை. தீர்ந்துபோய்க் கிடைக்காமல் போவது ஒன்று, இருந்தும் தரப்படாமல் போவது வேறு. இன்று துல்ஹஜ் பிறை ஒன்பது. ஹஜ்ஜுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் இன்று அரஃபா மைதானத்தில் போய் நிற்க வேண்டும். மற்றதில் பலதுக்கும் பரிகாரம் உண்டு, அரஃபா தவறினால் ஹஜ்ஜே இல்லை. அதனால்தான் மக்காவின் இந்த ஆஸ்பத்திரி தன் நோயாளிகளையே ஆம்புலன்ஸிலும் பஸ்ஸிலும் ஏற்றிக் கொண்டுபோய், சாயங்காலம் வரை அங்கே வைத்திருந்து, திருப்பிக் கொண்டுவருகிறது. யாரைக் கொண்டுபோகலாம், யாரைக் கூடாது என்று டாக்டர்கள் பிரிப்பார்கள், ஆகலாம் என்றால் பொட்டலம் வரும் என்று நேற்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நைஜீரியாக்காரருக்கு முழங்கால் வரை கட்டு. எதிர்க் கட்டில் துருக்கிக்காரர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருக்கிறார். அவர்களுக்கெல்லாம் ஆகலாம். தனக்கு என்ன குறை?

சுவர்க் கடிகாரம் ஆறு நாற்பது காட்டவில்லை, ஆறு முப்பத்தாறு காட்டியது. அது நாலு நிமிடம் பிந்தி ஓடுகிறது என்பதை வந்த அன்றைக்கே தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்து வைத்திருந்தார். முப்பத்தோரு வருடம் ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த உடம்பு அது. கம்பி போட்ட கூண்டு, ஒரு மைக், ஒரு பெரிய நோட்டு. வண்டி எண், வந்த நேரம், போன நேரம். மூன்று நிமிடம் பிந்திய வண்டிக்கு ஐந்து நிமிடம் என்று அவர் எழுதியதில்லை, இரண்டு என்றும் எழுதியதில்லை. "சீனி அண்ணே, ஒரு டீயைக் குடிச்சிட்டு எடுக்குறேன், நாலு நாப்பத்தஞ்சுன்னே போட்டுக்கங்க" என்று டிரைவர்கள் கெஞ்சினால், "டீயக் குடி. நான் அம்பதுன்னு போட்டுக்கிறேன்" என்பார். அதனால் அவர்மேல் கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. சர்க்கரை வியாதி வந்தபோது ஒரு கண்டக்டர் கூண்டுக்கம்பி வழியாகத் தலையை நீட்டி, "பேர்லயே ஒரு மூடை வச்சிருக்கீக, ஒடம்புல வராம எங்க போகும்" என்றான். அந்தச் சீனிதான் முந்தாநாள் சனிக்கிழமை பதினொன்று இருபதுக்குக் குறைந்துபோனது. ஹரம் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு, வெயிலில் பஸ்ஸுக்கு நின்று, அஜீஸியாவில் தங்கியிருந்த கட்டடத்தின் இரண்டாவது மாடிப் படியில் கால் வைத்தபோது படி தன்பாட்டுக்கு இடப்பக்கம் நகர்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தார், விழவில்லை. அறைத் தோழர் கமால் பாட்சா கத்தியது, யாரோ பழரசத்தை உதட்டில் வைத்தது, ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் மட்டும் கீச்சிட்டது, ஆம்புலன்ஸின் பின்கதவில் இருந்த எண், எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. "நாளைக்கு மினாவுக்குப் போறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிர்றோம் காக்கா" என்று கமால் பாட்சா ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நாளை வந்து போய்விட்டது. அவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரி என்று தெரிந்திருக்காது. தெரிந்தாலும் மினாவில் ஹாஜிகள் தங்கும் கூடாரத்திலிருந்து இந்தக் கூட்டத்தில் யார் எதில் ஏறி வருவது. செல்போன் அறையிலேயே கிடக்கிறது, எடுக்க ஆளில்லாமல் இத்தனை நேரத்துக்கு அணைந்திருக்கும். கூப்பிடவும் யாரும் இல்லை. ஊரில் அவர் படுத்திருப்பது தெரிய வேண்டிய ஒரே ஆள் ஒன்பது வருடத்துக்கு முன்னால். அந்த எண்ணத்தை அவர் அங்கேயே நிறுத்தினார், கை காட்டி வண்டியை நிறுத்துகிற மாதிரி.

பொட்டலத்துக்காகக் காத்திருக்காமல் அவர் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். இன்று சுபுஹுத் தொழுகைக்கு முன்னால், இடது கையில் ஊசி செருகியிருந்த இடம் நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளித்துவிட்டு, கட்டிலின் மேல்விரிப்பை இடுப்பிலும் கீழ்விரிப்பைத் தோளிலும் சுற்றிக்கொண்டார். வெள்ளைத் துணிதான், ஓரத்தில் பச்சைக் கோடும் ஆஸ்பத்திரி முத்திரையும் இருந்தது. ஓரம் மடித்துத் தைத்திருந்தது, உடுப்பாகத் தைக்கவில்லை, அதனால் பரவாயில்லை என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்தார், மனதுக்குள் உறுதி சொல்லி. லப்பைக் என்றார். ஹஜ் வகுப்பில் ஆலிம்சா அதற்குப் பொருள் சொன்னபோது அவருக்குப் பிடித்திருந்தது, இதோ வந்துவிட்டேன், ஆஜர். ஆஜர் சொல்லிவிட்டு இனி வராமல் இருக்க முடியாது. நிய்யத்து வைத்தபிறகு அரஃபா தவறினால் இந்த ஹஜ் போயிற்று, அடுத்த வருடம் திரும்ப வர வேண்டும். அடுத்த வருடம். நாலு வருடம் ஹஜ் குலுக்கலில் பெயர் விழாமல் ஐந்தாவது வருடம் விழுந்தவர், அறுபத்தாறு வயதுக்காரர், வெற்று மெத்தைமேல் விரிப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அடுத்த வருடத்தை நினைத்துப் பார்த்தார். மெத்தையின் ரெக்ஸின் உறை தொடையில் ஒட்டியது. அவசரப்பட்டுவிட்டோமோ. அவர் அவசரப்பட்டு ஒன்றும் செய்தவர் இல்லை. அவசரப்பட்டிருக்க வேண்டிய ஒரு நாளில்கூட. மறுபடியும் அங்கேதான் போகிறது. கை காட்டி நிறுத்தினார்.

ஏழு மணிக்கு நர்ஸ் வந்தாள். ஸஜ்னா, கேரளத்துப் பெரிந்தல்மண்ணக்காரி, முப்பது வயதிருக்கும். இந்த வார்டில் அவர் பேசுவதில் பாதியாவது விளங்குகிற ஒரே ஆள். முதல்நாளே "தமிழோ? எனக்குத் தமிழ் அறியாம் உப்பா" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவளுக்கு அவர் உப்பா, அவருக்கு அவள் பிள்ளை. அதற்கு மேல் வேறு மொழி தேவைப்படாது என்றுதான் அவரும் நினைத்தார். வந்ததும் அவள் அவரைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தாள்.

"எந்தா உப்பா இது? ஷீட்டெல்லாம் எவிடே?"

"உடுத்திருக்கேம்மா. நிய்யத்து வச்சிட்டேன்."

"ஷீட்டோ உடுத்தது!" அவள் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். குரல் மெத்தென்று ஆனது, சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி. "சாரமில்ல, சாரமில்ல. மயக்கம் உண்டோ உப்பா?"

"இருக்குதும்மா, லேசா."

நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை இதே கேள்வி. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை இதே பதில். இருந்ததை இருந்தது என்றுதானே சொல்ல வேண்டும். சீனி ஏறிவிட்டது, ஆனாலும் தலையைச் சட்டென்று திருப்பினால் ஜன்னல் ஒரு விரற்கடை பிந்தித்தான் வந்து நிற்கிறது, அந்தச் சுவர்க் கடிகாரம் மாதிரி. அதை மறைக்க அவருக்குத் தெரியாது. ஹஜ்ஜுக்கு வந்த இடத்தில் மறைக்கவும் கூடாது. அவள் சின்ன டார்ச்சை எடுத்து ஒரு கண்ணில் அடித்தாள், அடுத்த கண்ணில் அடித்தாள். தன் இரண்டு விரலை நீட்டி, பிடித்து நசுக்கச் சொன்னாள். அவர் நசுக்கினார். தலை சுற்றுவதற்கு விரலை எதற்கு நசுக்கச் சொல்கிறார்கள் என்று மூன்று நாளாகவே அவருக்கு ஒரு சந்தேகம். படிவத்தில் ஏதோ எழுதினாள்.

"எனக்குப் பொட்டலம் வைக்கலியேம்மா. மறந்துட்டாங்களா?"

"டாக்டர் பறயும் உப்பா. இப்போ ரெஸ்ட் எடுக்கு." போகும்போது திரும்பி, அவர் தோளிலிருந்து நழுவிய விரிப்பைச் சரியாக இழுத்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வை அவருக்குத் தெரிந்த பார்வை. பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவர் இருந்தார், இல்லாத ஊருக்கு பஸ் கேட்பார். கூண்டுக்குள்ளிருந்து சீனி இபுராகிம் அவரை அப்படித்தான் பார்ப்பார்.

வார்டு மெள்ள வெள்ளையாக மாறிக்கொண்டிருந்தது. பொட்டலங்கள் கிழிபடும் சத்தம். ஆண் நர்ஸ்கள் இரண்டு பேர் துருக்கிக்காரரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, குழாய் அசையாமல் துணியைச் சுற்றினார்கள். நைஜீரியாக்காரர் தானே உடுத்திக்கொண்டு, கட்டுப்போட்ட காலைத் துணிக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, சீனி இபுராகிமைப் பார்த்து, "அரஃபா, அரஃபா" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சீனி இபுராகிமும் தூக்கிக் காட்டினார். தூக்கிய பிறகு கீழே இறக்க வெட்கமாக இருந்தது. பதினோரு பேரும் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள், இனி எந்த ஊர், என்ன வியாதி என்று சொல்ல முடியாது. அவர் மட்டும் பச்சைக் கோடு. கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு வந்து பந்தியில் இலை போடப்படாமல் உட்கார்ந்திருக்கிற மாதிரி. என்ன குறை, என்ன குறை. கால் இருக்கிறது, மூச்சு இருக்கிறது. சர்க்கரை நூற்று நாற்பது, நேற்று அந்த எண்ணை அவரே மீட்டரில் பார்த்தார். அறிவு? இந்த இடத்தில் ஹஜ் வகுப்பில் கேட்ட ஒன்று எழும்பி வந்து நின்றது. யாரோ ஒருவர், வயசாளி, எழுந்து கேட்டார், "ஆலிம்சா, அரஃபாவுல அசதியில தூங்கிட்டா?" ஆலிம்சா சிரித்தார். "தூங்குனாக் கூடும், பயப்படாதீங்க. ஆனா அங்க இருக்குற நேரம் பூராவும் மயக்கத்துலயே கெடந்தா நம்ம மத்ஹபு சட்டத்துல கூடாது. ஒரு நிமிசமாவது முழிப்பு இருக்கணும்." மயக்கத்திலேயே கிடந்தால் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள், அவரும் ஆட்டினார். மயக்கம் உண்டோ உப்பா. இருக்குதும்மா. மயக்கத்தில் கிடப்பவனுக்கு, தான் மயக்கத்தில் கிடப்பது தெரியுமா? தெரிந்தால் அது மயக்கமா? ஒருவேளை தான் அப்படித்தான் கிடக்கிறோமோ, இந்த வார்டு, இந்தப் பொட்டலம், பச்சைக் கோடு எல்லாம் அதற்குள் வருகிறதோ, வெளியே இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்துவிட்டதோ. தன்னைத் தானே சோதித்துப் பார்க்க வழி ஒன்றுதான் அவரிடம் இருந்தது. மதுரை நாலு பத்து, நாலு முப்பது, நாலு ஐம்பது. பரமக்குடி வழி, நயினார்கோயில் வழி. ராமேஸ்வரம் நாலே கால். தொண்டி ஐந்து ஐந்து. ஏர்வாடி ஐந்து இருபது. கீழக்கரை. கீழக்கரை வந்ததும் நின்றார். கீழக்கரை வண்டியின் நேரம் தெரியாமல் இல்லை. தெரியும். பதினேழு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். அந்த வண்டியில் அவர் ஏறி ஒன்பது வருடம் ஆகிறது.

கல்யாணம் ஆனதிலிருந்து குடியிருந்தது கீழக்கரையில்தான். பிள்ளை இல்லை. அவரும் செய்யதம்மாளும் மட்டும். 2009 மே பத்தொன்பது, செவ்வாய், அக்கினி நட்சத்திரம், அவருக்கு இரண்டு மணி ஷிப்ட், ஒன்று பத்து வண்டியைப் பிடிக்க வேண்டும். அவள் கொல்லைப் பக்கம் உட்கார்ந்து மீன் அலசிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியைப் பிடித்தபடி, "ஏங்க, மயக்கமா வருது" என்றாள். அவர் ஒரு கால் செருப்பை மாட்டியிருந்தார். "வெயிலு. மோரக் குடிச்சிட்டுக் கொஞ்சம் படு." வாசல் வரை போனவர் திரும்பி, "ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று கேட்கத்தான் செய்தார். அவள் முகத்தில் அப்போது ஏதோ ஒரு பக்கம் சரியாக இல்லை. அல்லது அது பின்னால் அவராகச் சேர்த்துக்கொண்டதோ என்னவோ, இத்தனை தடவை எடுத்துப் பார்த்த பிறகு எது முதலிலிருந்தே இருந்தது, எது இடையில் வந்தது என்று சொல்ல முடியவில்லை. அவள், "ஒண்ணுமில்ல. நீங்க போங்க, வண்டி போயிரும்" என்றாள். அவர் போனார். வண்டியைப் பிடித்தார். நாலு நாற்பதுக்குக் கூண்டுத் தொலைபேசி அடித்தது, பக்கத்து வீட்டார். எடுத்த பையன் முழுதாகச் சொல்லக்கூட இல்லை, "அண்ணே, வீட்டுலேர்ந்து" என்றான். அவர் மைக்கில் கை வைத்தபடி, "பரமக்குடி வண்டிய அனுப்பிட்டு வர்றேன்னு சொல்லு" என்றார். நாலு நாற்பத்தைந்துக்கு வண்டியை அனுப்பினார். நோட்டில் எழுதினார். பிறகுதான் போனை வாங்கினார். அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் பின்னால் சொன்னார். மூளையில் நரம்பு வெடித்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. அது டாக்டரின் கணக்கு. அடக்கம் முடிந்த நாற்பதாம் நாள் கீழக்கரை வீட்டைப் பூட்டிவிட்டு, ராமநாதபுரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டார். அவள் அடங்கிய கபுருக்குப் போகவில்லை. போனால் சலாம் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு அங்கே நிற்க வேண்டும், நின்று என்ன சொல்வது. ஓய்வு பெறும்வரை தினமும் கீழக்கரை வண்டியை நேரத்துக்கு அனுப்பினார்.

எட்டு மணி அடிக்க ஐந்து நிமிடம். வாசல் பக்கம் சக்கர நாற்காலிகள் வரிசையாக வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. ஸஜ்னா மேசையருகே நின்று யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள், மலையாளத்தில், வேகமாக. வீட்டுக்காரனாக இருக்கலாம், இன்னொரு வார்டுத் தோழியாக இருக்கலாம். வேகமான மலையாளம் அவருக்குத் தண்ணீர் ஓடுகிற சத்தம் மாதிரிதான், நடுநடுவே ஒரு கல் தட்டுப்படும். ஒரு கல் தட்டுப்பட்டது. "பாவம். பன்னிரண்டிலெ உப்பா. போதம் சரியல்ல. ஷீட்டு எடுத்து உடுத்து இரிக்குன்னு." போதம். அந்தச் சொல்லை அவர் அறிவார். போதம் கெட்டுக் கிடந்தான் என்று ஊரில் சொல்வது அதுதான். பன்னிரண்டு தான்தான். உப்பா தான்தான். யாருக்குப் போதம் சரியில்லை? தான் எப்போது அப்படிச் சொன்னோம், தான் சொன்னதெல்லாம் மயக்கம் என்று மட்டும்தானே, மயக்கம் என்றால். அங்கே சிக்கியது. மயக்கம் என்றால்? தலை சுற்றுவதும் மயக்கம். நினைவு தப்பிக் கிடப்பதும் மயக்கம். தன் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், எது என்று ஆளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. அவள் ஊரில் அந்தச் சொல்லில் தலை சுற்றல் கிடையாதோ என்னவோ. மயங்கிக் கிடப்பது மட்டும்தானோ என்னவோ. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மூன்று நாளாக, போதம் கெட்டிருக்கிறதா உப்பா என்று அவள் கேட்க, பெரிதாக ஒன்றும் இல்லை பிள்ளை, லேசாகப் போதம் கெட்டிருக்கிறது என்று அவர் பொய் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். டார்ச்சு அதற்குத்தான். விரலை நசுக்கியது அதற்குத்தான். அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு தொண்டையில் ஏறுவதற்குள் வேறொன்றாகிவிட்டது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி அதே சொல்லைச் சொன்னாள். அவள் பெரியதைச் சொன்னாள், அவர் சின்னதை எடுத்துக்கொண்டார். இங்கே அவர் சின்னதைச் சொல்ல, ஒரு பிள்ளை பெரியதை எடுத்துக்கொண்டு மூன்று நாளாகக் கண்ணில் டார்ச்சடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. அவர் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தார். எட்டு மணி. இப்போது இறங்க வேண்டும்.

இறங்கினார். மருந்துக் குழாய் மாட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு விரிப்பை மறு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து மேசை வரை பதினான்கு எட்டு நடந்தார். நடுவில் ஒரு தடவை தரை அந்த மாடிப்படி மாதிரி இடப்பக்கம் போய்விட்டு வந்தது. அவர் நின்று அது வரும்வரை காத்திருந்தார்.

"அய்யோ உப்பா, எணீக்கண்ட!" ஸஜ்னா போனைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"பிள்ளை, இங்க பாரு. மயக்கம்னு நான் சொன்னது போதம் கெடுறது இல்ல. எங்க ஊர்ல தலை சுத்துனாலும் மயக்கம்னுதான் சொல்லுவோம். தலை. சுத்துறது." விரலால் காதோரம் வட்டம் போட்டுக் காட்டினார். போட்ட பிறகுதான், பைத்தியத்துக்கும் ஊர் ஊராக அதே வட்டத்தைத்தான் போடுகிறார்கள் என்பது உறைத்து, கையைச் சட்டென்று இறக்கினார். "போதம் எனக்கு ஒரு நிமிசம் போகல. நீ வந்தது, போனது எல்லாம் சொல்றேன். நேத்து ராத்திரி பதினொண்ணு அஞ்சுக்கு வந்தே. விடியக்காலம் மூணு பத்துக்கு வந்தே. மூணு பத்துக்கு வந்தப்ப உனக்கு இருமல் இருந்துச்சு."

அவள் வாயில் கை வைத்தாள். "தலகறக்கம் ஆணோ உப்பா பறஞ்சது?"

"கறக்கமோ என்னமோ. சுத்துறது."

"என்றெ ரப்பே. ஞான் எழுதியது..." அவள் முடிக்கவில்லை. படிவத்தை அள்ளிக்கொண்டு நடைபாதையில் ஓடினாள். ஓடுகிற செருப்புச் சத்தம் திரும்புகிற வரை அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினோரு பேரில் நாலு பேரை வெளியே கொண்டுபோயாயிற்று. நைஜீரியாக்காரர் நாற்காலியில் அவரைக் கடந்து போகும்போது தூக்கிய கட்டைவிரலோடு அப்படியே போனார்.

சூடான் டாக்டர் உயரமானவர், தூக்கம் இல்லாத கண். நின்றபடியே படிவத்தைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார். ஸஜ்னாவிடம் அரபியில் ஏதோ கேட்டார். குரலில் கடுமை இருந்தது. அவள் தலை குனிந்து பதில் சொன்னாள். பிறகு சீனி இபுராகிம் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர் கேட்குன்னு. இன்னு எது திவசம்?"

"திங்கக்கிழமை. துல்ஹஜ் பிறை ஒம்பது. ஆகஸ்ட் இருபது. நேரம் எட்டு பதினொண்ணு."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"எட்டு ஏழு அல்லே உப்பா?"

"அது நாலு நிமிசம் லேட்டா ஓடுது. நான் வந்த அன்னைக்கே லேட்டு."

அவள் மொழிபெயர்த்தாள். டாக்டர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு முதல் தடவையாக சீனி இபுராகிமின் முகத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். திறந்த பேனாவோடு இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதை ஸஜ்னா சொல்வதற்கு முன்பே அது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இப்போ தலை சுத்தல் உண்டோ உப்பா? நிக்கும்போ?" இந்தத் தடவை அவள் தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

இருந்தது. மேசை விளிம்பு அவர் கைக்குள் மெள்ள ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, டாக்டரின் தோளுக்குப் பின்னால் நடைபாதை ஒரு விரற்கடை பிந்தி வந்துகொண்டிருந்தது. இருந்ததை இருந்தது என்று சொன்னால் பேனா மூடப்படும். அறுபத்தாறு வயது, இஹ்ராம், அதுவும் இன்றைய நாள். ஒரு டீக்கு ஐந்து நிமிடம் விட்டுக்கொடுக்காத வாய். வாசலில் சக்கர நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்றார்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் யாருடையது என்று உறைத்தது. இவ்வளவு சுலபமா. கனமே இல்லாமல் வருகிறது. ஒருவர் போக வேண்டிய வண்டி போய்விடக்கூடாது என்றால் இந்தச் சொல்தான் வரும், வேறு வராது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் நின்றிருக்கிறாள், இந்தத் தரையும் இப்படித்தான் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது, அவளுக்கு இதைவிட அதிகமாக. அவர் போக வேண்டும் என்பதற்காகச் சொன்னாள். அவர் தனக்காகச் சொன்னார். வித்தியாசம் அவ்வளவுதான், அது சின்ன வித்தியாசம் இல்லை. ஒன்பது வருடமாக அந்த ஐந்து நிமிடத்தைத் திருப்பித் திருப்பி எடுத்துப் பார்த்தவர், அவள் சொன்ன ஒண்ணுமில்லையை ஒரு நாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. நம்பிவிட்டோம் என்று நினைத்திருந்தார். நம்பவில்லை. வசதியாக இருந்தது, எடுத்துக்கொண்டார்.

ஸஜ்னா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பற்றியிருந்த அவர் கையைப் பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. இரண்டு நொடி பார்த்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பி, "லா" என்றாள். இல்லை என்ற அந்த அரபிச் சொல் அவருக்கும் தெரியும். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

ஆம்புலன்ஸ் எல்லாம் நிரம்பிவிட்டது, உட்கார்ந்து போகிறவர்களுக்கான பஸ்ஸில் இடம் இருந்தது. பொட்டலத்தை அவளே கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி விரிப்பைக் கழற்றிவிட்டுப் புதுத் துண்டை உடுத்திக்கொள்ளச் சொன்னாள். கழற்றிய விரிப்பை அவர் நாலாக மடித்து மெத்தைமேல் வைத்தார். பஸ்ஸில் ஜன்னலோரம், ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை. ஸஜ்னா ஒரு பழரச டப்பாவையும் இரண்டு பேரீச்சம்பழத்தையும் மடியில் வைத்து, "ஒரு மணிக்கூர் கூடும்போ ஒண்ணு தின்னணும். தலை கறங்கியால் சிஸ்டரோடு பறயணும். மயக்கம்னு பறயண்ட" என்றாள். சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. "எனக்கும் துஆ செய்யணும் உப்பா."

"செய்றேன் பிள்ளை."

கதவு மூடியது. பஸ் முழுக்க வெள்ளைத் துணி, மருந்து வாடை, பத்து ஊர்க் குரலில் லப்பைக். பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். சீனி இபுராகிம் மூடவில்லை. வண்டி அசைந்தபோது வெளியே நின்றவர்கள் எல்லாரும் ஒரு விரற்கடை பிந்தி அசைந்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஐம்பத்தைந்து. எழுத நோட்டு இல்லை.

அன்று முற்பகல் 11.10 முதல் மாலை 6.50 வரை அவர் அரஃபாவில் இருந்தார். தூங்கவில்லை. 2018 செப்டம்பர் 21, வெள்ளிக்கிழமை, ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் பிற்பகல் 3.20 கீழக்கரை வண்டியில் ஏறினார். அஸர் தொழுதுவிட்டு, செய்யதம்மாளின் கபுருக்கு முன்னால் பதினைந்து நிமிடம் நின்றார். 5.15 வண்டியில் திரும்பினார்.